அனாமத்துச் செய்தி

1

பிறருக்குச் சேர வேண்டிய மரணச் செய்தி ஒன்று நம் கைக்கு வந்து சேருகிறது. அதை நாம் வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம் என்றால் எவ்வளவு நேரம், யாருடைய நன்மைக்காக? பொய்யைப் பற்றித் தத்துவவாதிகள் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். சொல்லாமலிருப்பதைப் பற்றி எழுதியது குறைவு. பொய் ஒரு செயல் என்பதால் அதற்கு நேரமும் சாட்சியும் உண்டு. மௌனத்துக்கு ஆரம்பம் எது என்று சொல்வதே கஷ்டம். ஒரு மணி நேரம் சொல்லாமலிருப்பவன் தயங்குகிறான். ஒரு நாள் சொல்லாமலிருப்பவன் தவறு செய்கிறான். பல நாள் சொல்லாமலிருப்பவனை என்னவென்று அழைப்பது? கோடு எந்த இடத்தில் விழுந்தது என்று அவனாலேயே காட்ட முடியாது.

அலெக்ஸேய் பொபொக்ரெப்ஸ்கியின் ரஷ்யப் படம் ஒன்று இந்தக் கேள்வியை அதன் மிகச் சுருங்கிய வடிவத்தில் எடுத்துக்கொள்கிறது. 2010இல் வெளிவந்த படம். அந்த வருஷம் பெர்லின் திரைப்பட விழாவில் அதன் இரு நடிகர்களான செர்கேய் புஸ்கெபாலிஸுக்கும் கிரிகோரி தோப்ரிகினுக்கும் சேர்த்துச் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. ஒளிப்பதிவாளர் பாவெல் கொஸ்தொமாரோவுக்கு இன்னொரு வெள்ளிக் கரடி. படத்தின் பெயரைத் தமிழில் ‘இந்தக் கோடையில் நான் எப்படிக் கழித்தேன்’ என்று சொல்லலாம். ‘கோடையை’ என்று இருந்திருக்க வேண்டும். விடுமுறை முடிந்து திரும்பும் ரஷ்யப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் கட்டுரைத் தலைப்பு அது. டைரக்டர் வேண்டுமென்றே இலக்கணத்தை முறித்திருக்கிறார். ரஷ்ய மூலத்திலும் வேற்றுமை இடம் மாறி, எதைக் கழித்தான் என்பது காணாமல் போய்விடுகிறது. சொல்லியே ஆகவேண்டிய ஒன்று விடுபட்டுப்போன வாக்கியம் அது. படமும் அதைப் பற்றியதுதான்.

கதை இரண்டே பேருடையது. ஆர்க்டிக் சமுத்திரத்தில் மனித வாசமற்ற ஒரு தீவு. அதில் ஒரு வானிலை நிலையம். சோவியத் காலத்தில் முக்கியத்துவம் பெற்றிருந்து பிறகு தேய்ந்துபோன இடம். அங்கே நெடுநாளாக வேலை பார்க்கும் செர்கேய். கோடைக்கு மட்டும் பயிற்சிக்காக வந்திருக்கும் இளைஞன் பாவெல். குறித்த நேரங்களில் கருவிகளைப் பார்த்து, எண்களை எழுதி, ரேடியோவில் கரைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. செர்கேய் மேலிடத்துக்குத் தெரியாமல் படகெடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போயிருக்கிறார். அப்போது ரேடியோவில் செய்தி வருகிறது: அவருடைய மனைவியும் குழந்தையும் விபத்தில் இறந்துவிட்டார்கள். பாவெல் வாங்கிக்கொள்கிறான். செர்கேய் மீனோடு திரும்பி வருகிறார். பாவெல் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடப்பவை பயங்கரமானவை. துப்பாக்கி வருகிறது, மூடுபனியில் ஓட்டம் வருகிறது, கடைசியில் விஷம் வருகிறது. ஆனால் அந்தப் பயங்கரங்களெல்லாம் முதல் சில நாள் மௌனத்தின் கிளைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. வேரைப் பார்த்தால் போதும்.

2

பாவெலுக்காக வாதாடுவது சுலபம். அவன் கெட்டவன் இல்லை. காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு திரிகிற, கணினியில் சுட்டு விளையாடுகிற, நேரம் வந்தால் தூங்கிவிடுகிற சாதாரணப் பையன். செர்கேய் முரட்டு மனிதர். தூங்கிப்போய்க் கருவியைப் பார்க்கத் தவறி, எண்களைத் தானே இட்டு நிரப்பியதற்காக அவன் அவரிடம் மாட்டிக்கொண்டவன். அவரைக் கண்டால் அவனுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு நியாயமும் இருக்கிறது. குடிலில் துப்பாக்கி இருக்கிறது. அழைத்துப் போக வர வேண்டிய கப்பல் கண்ணில் படவில்லை. துக்கத்தில் ஒரு மனிதன் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்?

இதைவிட உயர்ந்த வாதமும் ஒன்று இருக்கிறது. சொல்லாமலிருக்கும் வரை செர்கேய் ஒரு கணவர், ஒரு தகப்பன். மீனைக் கீறி உப்பிட்டுக் காயப்போடுகிறார், பேசுகிறார், சிரிக்கிறார். செய்தி அவரைத் தொட்டவுடன் இவையெல்லாம் முடிந்துவிடும். போன உயிர்கள் போய்விட்டன. இன்னும் நாலு நாள் அந்த மனிதர் நிம்மதியாக இருந்தால் யாருக்கு நஷ்டம்? இப்படி ஒரு கருணை வாதம்.

இந்தக் கருணை வாதம் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. காரணம், அது துக்கத்தை வெறும் வலியாகக் கருதுகிறது. துக்கம் வலி மட்டும் என்றால் அதைத் தள்ளிப்போடுவது நல்லதுதான், பல் வலியைத் தள்ளிப்போடுவது மாதிரி. ஆனால் இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய கடைசிக் காரியமும் துக்கம்தான். மனைவியும் பிள்ளையும் கிடத்தப்பட்டிருக்கிற நாளில், அவர்களைப் புதைக்கிற நாளில், இந்த மனிதர் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகு எப்போதும் மாற்ற முடியாத உண்மையாகிவிடுகிறது. அவர் அங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியாமல் போகலாம். ஆனால் தீவிலிருந்தபடியே அவர்களை நினைத்துக்கொண்டிருந்திருக்க முடியும். பாவெல் அவருக்கு நாலு நாள் நிம்மதியைக் கொடுக்கவில்லை. அந்த நாலு நாளை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டான். பின்னால் திரும்பிப் பார்க்கும்போது அந்தச் சிரிப்பும் மீனும் அவருக்கு எவ்வளவு அருவருப்பாக இருந்திருக்கும்!

செகாவின் கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. 1886இல் எழுதியது. மகனைப் பறிகொடுத்த கிழட்டு வண்டிக்காரன் ஒருவன், பனி பெய்யும் பீட்டர்ஸ்பர்க்கில், வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் தன் மகன் செத்த செய்தியைச் சொல்லப் பார்க்கிறான். யாரும் காது கொடுப்பதில்லை. கடைசியில் லாயத்தில் தன் குதிரையிடம் சொல்கிறான். செகாவுக்குத் தெரிந்தது இதுதான்: துக்கம் சொல்லப்பட்டாக வேண்டிய பொருள். எப்படிச் செத்தான், என்ன சொல்லிவிட்டுச் செத்தான், எப்படி அடக்கம் செய்தோம் என்று முறையாக, நிதானமாக, வரிசையாகச் சொல்லியாக வேண்டும். வண்டிக்காரனுக்கு வாய் இருந்தது, கேட்கக் காதில்லை. பொபொக்ரெப்ஸ்கியின் தீவில் காது இருக்கிறது, வாய் திறக்கவில்லை. இரண்டிலும் வஞ்சிக்கப்படுகிறவன் துக்கத்துக்கு உரியவன்.

3

பயத்தின் வாதம் கருணையின் வாதத்தைவிட நேர்மையானது. ஸோபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’யில் ஒரு காவலாள் வருகிறான். புதைக்கக் கூடாது என்று அரசன் தடை விதித்த பிணத்துக்கு யாரோ மண் போட்டுவிட்டார்கள் என்ற செய்தியை அரசனிடம் சொல்ல வேண்டும். காவலாளிகள் சீட்டுப் போட்டுப் பார்த்ததில் இவன் தலையில் விழுந்தது. வழியில் நின்று நின்று, திரும்பிவிடலாமா என்று யோசித்து யோசித்து, கிட்டக் கிடக்கும் தூரத்தை நீண்ட பயணமாக்கிக்கொண்டு வந்து சேருகிறான். ஆனாலும் வந்து சேர்ந்துவிடுகிறான். ஏன்? பின்னால் மற்ற காவலாளிகள் இருக்கிறார்கள். அவன் சொல்லாவிட்டால் இன்னொருவன் சொல்லிவிடுவான். எப்படியும் தெரிந்துவிடும் என்ற நிச்சயம் அவன் முதுகைத் தள்ளுகிறது.

பாவெலின் பின்னால் யாரும் இல்லை. தனிமை என்றால் மனிதர்கள் இல்லாமை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்தப் படத்தில் தனிமை என்பது ஒரே ஒரு மனிதன் இருப்பது. ஊரில் ஒரு சாவுச் செய்தியை எவனும் தனியாகச் சுமப்பதில்லை. முன்பெல்லாம் தந்திச் சேவகன் இருந்தான், பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார், பெரியவர் ஒருவர் முன்னால் வந்து உட்காருவார், பெண்கள் உள்ளே போவார்கள். எல்லாருக்கும் ஒரு பங்கு. பங்கு போட்டுக்கொள்வதால் யாருக்கும் அது தாங்க முடியாத பாரமாவதில்லை. தீவில் தந்திச் சேவகனும் பக்கத்து வீட்டுக்காரனும் பெரியவரும் எல்லாம் ஒரே பையன். சாவை அறிவிக்க வேண்டியவனும் அவனே. அறிவித்த பிறகு தாங்கிப் பிடிக்க வேண்டியவனும் அவனே. நாம் தைரியம் என்று பெருமைப்பட்டுக்கொள்வதில் எவ்வளவு பாகம் நம்மைச் சுற்றியிருக்கிறவர்களுடையது என்பதை இந்தப் படம் காட்டிவிடுகிறது. கூட்டத்தை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பதுதான் நம்முடைய சொந்தத் தைரியம். அது பெரும்பாலும் சொற்பம்.

படம் எடுக்கப்பட்ட இடம் செட் இல்லை. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், சுக்கோட்காவின் வடகரையில், வால்கர்காய் என்ற நிஜ வானிலை நிலையத்தில் எடுத்திருக்கிறார்கள். அங்கே கோடையில் வாரக்கணக்காகச் சூரியன் அடைவதில்லை. கொஸ்தொமாரோவின் காமிரா சில இடங்களில் அசையாமல் நின்று, அந்த வெளிச்சம் மலை மேலும் நீர் மேலும் மெல்ல மாறுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அழகு என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதற்கு ஒரு தார்மீக அர்த்தமும் உண்டு. ‘நாளைக்குச் சொல்லலாம்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு நாளை வேண்டும். ‘சாப்பிட்டு முடிக்கட்டும்’, ‘இருட்டட்டும்’, ‘விடியட்டும்’ என்றெல்லாம் தருணத்தை நாம் தேர்ந்தெடுப்பது பொழுது பிரிந்து கிடப்பதனால். இருட்டாத இடத்தில் எல்லாத் தருணமும் ஒரே தருணம். தக்க தருணத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று பாவெல் தனக்குச் சொல்லிக்கொள்ளும்போது அந்த வெளிச்சம் அவனைப் பொய்யனாக்குகிறது. தக்க தருணம் என்று ஒன்று வெளியே எங்கும் இல்லை. அது பயம் தனக்கு வைத்துக்கொள்ளும் பெயர்.

4

பொய்க்கும் மௌனத்துக்கும் வித்தியாசம் இல்லையா? உண்டு என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். உண்மையை மறைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல என்று பிரித்தவர்களில் புனித அகஸ்டின் ஒருவர். 1797இல் கான்ட்டுக்கும் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் என்ற பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த வாதம் பிரசித்தம். உண்மையைப் பெற உரிமை உள்ளவனிடம்தான் உண்மை சொல்லும் கடமை உண்டு என்றார் கான்ஸ்டன்ட். நண்பனைத் தேடி வரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று கான்ட் பிடிவாதமாக நின்றார். கான்ட்டின் பிடிவாதத்தைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அவர் பேசியது வாய் திறந்து சொல்லும் சொல்லைப் பற்றி. சொல்லாமலிருப்பவனை அவருடைய கட்டுரை நேராகத் தொடவில்லை. கான்ஸ்டன்ட்டின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இங்கே சிக்கலே இல்லை. தன் மனைவி இறந்துபோனாள் என்ற உண்மையைப் பெற ஒரு மனிதனுக்கு இருக்கும் உரிமைக்கு மேல் வேறென்ன உரிமை வேண்டும்?

ஆக, இரண்டு தத்துவமும் பாவெலை நெருங்கிவந்து ஒன்று அவனைத் தாண்டிப் போய்விடுகிறது, இன்னொன்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. படம்தான் அவனோடு நிற்கிறது. அது கவனிக்கச் சொல்வது நிலையத்தின் வேலையை. அந்தத் தீவில் ஒன்றும் விளைவதில்லை, ஒன்றும் உற்பத்தியாவதில்லை. காற்றின் வேகம், அழுத்தம், உஷ்ணம், கடலின் நிலை: இவற்றை உள்ளது உள்ளபடி சொல்வது ஒன்றுதான் அதன் தொழில். உலகமெங்கும் வானிலை நிலையங்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரே சமயத்தில் கருவிகளைப் பார்க்கின்றன; அவற்றை ஒன்றுசேர்த்துத்தான் வானிலைப் படம் வரைகிறார்கள். இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. எண் கிடைக்கவில்லையென்றால் இடத்தைக் காலியாக விடலாம். காலி இடம் யாரையும் ஏமாற்றுவதில்லை; இங்கே பார்க்கப்படவில்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது. இட்டு நிரப்பிய எண்தான் துரோகம், ஏனென்றால் அது மற்ற எண்களோடு கலந்து அவற்றையும் கெடுக்கிறது. தூங்கிப்போன பாவெல் காலியாக விட்டிருந்தால் திட்டு மட்டும் வாங்கியிருப்பான். அவன் நிரப்பினான். செர்கேயின் கோபம் அதிகாரத்தின் கோபமாகப் பையனுக்குத் தோன்றுகிறது. ஆனால் பலரும் கைவிட்டுப்போன ஓர் இடத்தில், தன் ஆயுளில் பல வருஷங்களை அந்த எண்களின் உண்மைக்காகக் கொடுத்தவரின் கோபம் அது.

மனிதர்களுக்கு இடையே இந்தக் காலி இடம் சாத்தியமில்லை. இதைத்தான் அகஸ்டினின் பாகுபாடு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எதிரே உட்கார்ந்து ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லாமலிருப்பவன் காலியாக இருக்க முடியாது. அவனுக்கு முகம் இருக்கிறது. ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். மீன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் சிரித்தால் சிரிக்க வேண்டும். கரையிலிருந்து ரேடியோவில் கேட்டால் அவர் அங்கே இல்லை, தூங்குகிறார் என்று ஏதாவது சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் ஒரு போலி எண். மௌனம் ஒரு பொய்யைத் தவிர்ப்பதாகத் தொடங்கி, நாள் முழுவதும் பொய்யை உற்பத்தி செய்கிற வேலையாகிவிடுகிறது. தூங்கிப்போய் இட்ட எண்ணும் சொல்லாமல் விட்ட செய்தியும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன.

5

நம் கணக்கு வழக்கில் ‘அனாமத்து’ என்று ஒரு சொல் உண்டு. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்குத் தினசரிச் சொல். ஒரு தொகை வந்துவிட்டது, யார் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை, அல்லது இப்போதைக்கு வைக்க முடியவில்லை என்றால் அனாமத்துக் கணக்கில் போட்டுவைப்போம். உருதுவில் ‘அமானத்’ என்று இருந்த சொல். நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று அர்த்தம். முஸ்லிம்கள் பேசும் தமிழில் ‘அமானிதம்’ என்று அந்தப் புனிதம் குறையாமல் இன்றும் இருக்கிறது. பொது வழக்கில் அது ‘அனாமத்து’ ஆகி, சொந்தக்காரன் இல்லாதது, கேட்பாரற்றது என்று கீழிறங்கிவிட்டது. ‘அனாமத்தாகக் கிடக்கிறது’ என்கிறோம். ஒப்படைக்கப்பட்ட பொருள் கேட்பாரற்ற பொருளாவதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பதை இந்தச் சொல்லின் சரித்திரமே சொல்கிறது. வைத்திருக்கிறவன் வைத்துக்கொண்டே இருந்தால் போதும்.

செர்கேயின் செய்தி பாவெலிடம் வந்த அமானிதம். அதற்குச் சொந்தக்காரர் நாற்பதடி தூரத்தில் இருக்கிறார். அவன் அதை அனாமத்தில் போட்டுவிட்டான். அனாமத்துக் கணக்கின் சுபாவம் ஒன்று உண்டு. முதல் நாள் அது நியாயமான ஏற்பாடு. நாள் ஆக ஆக, அதை எடுத்து உரிய இடத்தில் வைப்பது கஷ்டமாகிக்கொண்டே போகிறது. ஏனென்றால் இப்போது தொகைக்கு மட்டுமல்ல, தாமதத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் ‘இது என்ன தொகை?’ என்று முதலில் கேட்பதில்லை. ‘இது ஏன் இன்னும் இங்கே இருக்கிறது?’ என்றுதான் கேட்கிறார். முதல் நாள் பாவெல் சொல்ல வேண்டியிருந்தது ஒரே செய்தி: உங்கள் மனைவியும் பிள்ளையும் இறந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் சொல்ல வேண்டியவை இரண்டு: அவர்கள் இறந்துவிட்டார்கள், எனக்கு முன்பே தெரியும். முதலாவதைச் சொல்ல மனிதாபிமானம் போதும். இரண்டாவதைச் சொல்லத் தன்னையே பலியாகக் கொடுக்க வேண்டும். பயம் வளர்ந்ததற்குக் காரணம் செர்கேயின் முரட்டுத்தனம் என்று நாம் எண்ணுகிறோம். அதைவிட, வட்டி ஏறிக்கொண்டே போனதுதான் காரணம்.

இதனாலேயே, செய்தி கடைசியில் வெளிவரும்போது அது சொல்லப்பட்ட செய்தியாக இல்லை. பயத்தில் வாயிலிருந்து தவறி விழுந்த பொருளாக இருக்கிறது. ஒரு மனிதனுக்கு அவன் வாழ்க்கையிலேயே பெரிய துக்கம், ஆறுதலின் குரலில் இல்லாமல், ஓடத் தயாராக நிற்கிற ஒருவனின் குரலில் வந்து சேருகிறது.

6

தனி மனிதனின் கோழைத்தனத்தைப் பெரிய விஷயங்களோடு முடிச்சுப் போடக் கூடாது என்பார்கள். ஆனால் ‘தக்க தருணம்’ என்ற வார்த்தையை அந்த தேசத்தில் பாவெலுக்கு முன்பே பலர் உபயோகித்திருக்கிறார்கள். 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் செர்னோபிலில் அணு உலை வெடித்தது. சோவியத் தொலைக்காட்சி ஒரு சிறு அறிவிப்பை வாசித்தது 28ஆம் தேதி இரவு, ஸ்வீடனில் ஓர் அணுமின் நிலையத்தின் கருவிகள் காற்றில் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு. மே 1 அன்று கீவ் நகரில் ஊர்வலம் வழக்கம்போல நடந்தது. ஜனங்கள் பீதியடைந்துவிடுவார்கள் என்பது காரணம். 2000 ஆகஸ்ட் 12 அன்று, வடதுருவக் கடல்களில் ஒன்றான பாரென்ட்ஸ் கடலில், குர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பல் 118 பேரோடு மூழ்கியது. 14ஆம் தேதிதான் வெளியே சொன்னார்கள். அதுவும் ஏதோ இயந்திரக் கோளாறு என்கிற தோரணையில். வித்யாயெவோ என்ற கடற்படை ஊரில் உறவினர்களின் கூட்டத்தில் அதிகாரிகளைப் பார்த்து ஓலமிட்ட ஒரு தாயின் பின்னால் வந்து, பேச்சு நிற்கும்படி ஊசி போட்டார்கள். அந்தக் காட்சியைக் காமிரா பதிவு செய்து உலகமெல்லாம் பார்த்தது. அவளுடைய நரம்புகளின் நன்மைக்காகத்தான் என்று சொல்லியிருப்பார்கள். பிறருடைய துக்கத்தை நிர்வகிக்கத் தொடங்குகிறவன் கருணை பேசித்தான் தொடங்குவான். ஊசியில் போய் முடிவான்.

பாவெலும் அங்கே போய்ச் சேருகிறான் என்பதுதான் படத்தின் குரூரமான தர்க்கம். சோவியத் அரசு தன் வடகடல் வழி நெடுகிலும், ஆள் போக முடியாத இடங்களில் கலங்கரை விளக்குகளுக்கும் கருவிகளுக்கும் மின்சாரம் தர, ஸ்ட்ராண்டியம்-90 அடைத்த கதிரியக்கக் கலங்களை வைத்தது. மொத்தம் சுமார் ஆயிரம் கலங்கள் செய்யப்பட்டன. அந்தப் பொருளின் அரை ஆயுள் ஏறக்குறைய 29 வருஷம். அரசு கலைந்தது, கலங்கள் அங்கேயே கிடந்தன. பல வருஷம் கழித்து அயல்நாடுகளின் பண உதவியோடு அவற்றில் பெரும்பாலானவற்றை அகற்றினார்கள். 2001 டிசம்பரில் ஜார்ஜியாவின் லியா என்ற கிராமத்துக்கருகே விறகுக்குப் போன மூன்று பேர், பனி உருகியிருந்த இடத்தில் சூடாகக் கிடந்த இரண்டு உருளைகளைக் கண்டார்கள். இரவுக் குளிருக்கு அவற்றை அருகில் வைத்துக்கொண்டு படுத்தார்கள். ஒருவர் 2004இல் இறந்துபோனார். அந்தக் காட்டில் கிடந்ததும் ஓர் அனாமத்துப் பொருள்தான். இன்னது என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். எழுதி வைக்கவில்லை, சொல்லவில்லை.

படத்தின் தீவிலும் அப்படி ஒரு கலம் இருக்கிறது. துரத்தப்பட்டு, குளிரிலும் பசியிலும் வெறி பிடித்த நிலையில் பாவெல் செர்கேயின் உலர்ந்த மீனை எடுத்துக் கொண்டுபோய் அந்தக் கலத்தின் மேல் தொங்கவிடுகிறான். பிறகு இருந்த இடத்தில் வைத்துவிடுகிறான். விஞ்ஞானம் படித்தவர்கள் ஓர் ஆட்சேபம் சொல்லலாம்: கதிர் படுவதனால் மட்டும் மீன் கதிரியக்கம் பெற்றுவிடாது, கலம் கசிந்து துகள் ஒட்டினால்தான் நஞ்சாகும், உணவு கெடாமலிருக்கக் கதிர் பாய்ச்சுகிற ஆலைகளே உண்டு. வாஸ்தவம். நம்முடைய கேள்விக்கு அது முக்கியமில்லை. பாவெல் நினைத்தது நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத, சாப்பிடுகிறவன் சந்தேகப்படவே முடியாத ஒன்றை அவர் தட்டில் வைக்கிறான். கொஞ்ச நாளைக்கு முன் அவன் செய்ததும் அதேதான். அப்போது அது ஒரு செய்தி. தன் எதிரே சாப்பிடுகிறவனுக்குத் தெரியாத ஒன்றை நாம் தெரிந்து வைத்துக்கொண்டு அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கமாகிவிட்டால், அந்த ஒன்று துக்கமாக இருந்தாலென்ன, ஸ்ட்ராண்டியமாக இருந்தாலென்ன? முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே இருந்தது தூரமில்லை, சந்தர்ப்பம்தான்.

7

படத்தின் முடிவைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். பிரியும் தருவாயில் பாவெல் சொல்லிவிடுகிறான்: மீனை நான் நஞ்சாக்கினேன். செர்கேய் அவனைக் கட்டிக்கொள்கிறார். அவர் தீவை விட்டுப் போவதில்லை, அங்கேயே இருந்துவிடுகிறார். மன்னிப்பு என்று இதை வாசிப்பது வழக்கம். ரஷ்ய இலக்கியம் படித்தவர்களுக்கு அந்த வாசிப்பு உடனே கைக்கு வந்துவிடும்: பாவம், ஒப்புக்கொள்ளல், அணைப்பு.

எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்து, தன் உடம்பிலும் ஒரு சாவு இறங்கியிருக்கலாம் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்துகொண்ட மனிதருக்கு மன்னிப்பு வழங்க எங்கே அவகாசம்? மன்னிப்பு என்பது கொஞ்சம் உயரத்தில் நிற்கிறவன் தருவது. அவர் அப்படி எந்த உயரத்திலும் இல்லை. அவர் தீவில் தங்கிவிடுவதையும் தியாகமாக்க வேண்டாம். திரும்பிப் போக அவருக்கு வீடு இல்லை. துக்கம் காக்க அவருக்கு இடம் வேண்டும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட நாட்களை அவர் அந்த இடத்திலேயே திரும்பப் பெற்றுக்கொள்ளப் போகிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அணைப்பில் நான் பார்ப்பது வேறு. பாவெல் சொல்லாமலே போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஏதோ ஒரு வருஷம் அந்த முரட்டு மனிதர் வியாதி கண்டு செத்திருப்பார். காரணம் தெரியாமலே புதைத்திருப்பார்கள். முதல் செய்தியைச் சொல்ல வேண்டியது அவன் உத்தியோகம். ரேடியோவில் வந்தது, ஆணையோடு வந்தது, என்றாவது எப்படியாவது வெளியே வந்திருக்கும். அதை அவன் சொல்லவில்லை. இரண்டாவது செய்தியை அவனைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவுமில்லை. சொன்னால் அவனுக்குக் கேடு, சொல்லாவிட்டால் ஒரு கேடுமில்லை. அதை அவன் சொன்னான். முதல் நாள் ஒரு சிறிய உண்மையைச் சொல்ல முடியாமல் போனவனுக்கு, அவ்வளவு ஓட்டத்துக்குப் பிறகு, மிகப் பெரிய உண்மையைத்தான் சொல்ல முடிந்திருக்கிறது. நடுவிலிருந்த சிறிய உண்மைகளின் காலம் கடந்துவிட்டது.

செர்கேய் எண்களோடு வாழ்ந்த மனிதர். கருவி காட்டியதை உள்ளபடி எழுதி அனுப்புவதைத் தவிர வேறு ஒழுக்கம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அந்தக் கோடை முழுவதிலும் இந்தப் பையனிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்த, இட்டு நிரப்பாத ஒரே தகவல் அது. அவர் அதைப் பெற்றுக்கொண்டார்.